மானமா, முரட்டுத்தனமா? பிரபலங்களின் வன்செயலும் வர்க்கத்தின் தீர்ப்பும்

பிரபலமான ஒருவர் பலர் பார்த்திருக்க இன்னொருவர் மீது கைநீட்டிவிட்டால் அது சரியா, பிழையா என்ற விவாதம் உடனடியாகவே ஆரம்பித்துவிடுகின்றது. அவ்விவாதத்தை உன்னிப்பாகக் கவனிப்போமாயின் ஓர் உண்மை புலப்படும். நடந்த செயலைப் பற்றிப் பேசுவதாக எண்ணிக்கொண்டு பெரும்பாலானோர் அதனைப் புரிந்தவரின் வர்க்கத்தைப் பற்றியே பேசுகின்றனர். தீர்ப்புக் கூறுபவர் சமூகத்தின் எந்தப் படியில் நிற்கின்றார் என்பதும் அத்தீர்ப்பினுள் மறைந்திருக்கின்றது. பிரான்ஸின் தென்கரையிலுள்ள துறைமுக நகரான மார்சேயுடன் தொடர்புடைய மூவரின் வரலாறு இதனைத் தெளிவாக எடுத்துக்காட்டுகின்றது.

முதலாமவர் உலகறிந்த உதைபந்தாட்ட வீரர் ஸினடின் ஸிடான். 2006 ஜூலை 9 ஆம் திகதி பேர்லினில் இடம்பெற்ற உலகக் கிண்ண இறுதிப் போட்டியில் பிரான்ஸும் இத்தாலியும் தலா ஒரு கோலுடன் சமநிலையில் இருந்தன. இலங்கையில் நள்ளிரவு கடந்துவிட்ட வேளை அது. மேலதிக நேரத்தின் 110 ஆவது நிமிடத்தில் இத்தாலிய வீரர் மார்க்கோ மற்றராஸியின் நெஞ்சில் ஸிடான் தனது தலையால் மோதி அவரை நிலத்தில் வீழ்த்தினார். நடுவர் சிவப்பு அட்டையைக் காட்டினார். உலகக் கிண்ணத்தைக் கடந்து தலைகுனிந்து வெளியேறியதே ஒரு வீரராக ஸிடானின் கடைசிக் காட்சியாயிற்று. பெனால்டி உதைகளில் 5-3 என்ற கணக்கில் இத்தாலி கிண்ணத்தைச் சுவீகரித்துக்கொண்டது.

ஸிடானின் தந்தை அல்ஜீரியாவின் கபீலியா மலைப் பிரதேசத்திலிருந்து 1953 இல் பிரான்ஸுக்குப் பிழைப்புத் தேடி வந்தவர். பாரிஸை அண்டிய சென் டெனியில் கட்டடத் தொழிலாளியாக வேலை செய்த அவர், பின்னர் மார்சேயில் ஒரு பல்பொருள் அங்காடியின் களஞ்சியத் தொழிலாளியாகவும் இரவுக் காவலாளியாகவும் பணியாற்றினார். நகரின் வடபகுதியில் வறிய குடியேறிகள் நெருக்கமாக வாழும் லா கஸ்டெலான் அடுக்குமாடித் தொகுதியில் 1972 இல் ஸிடான் பிறந்தார். தந்தை கூலிவேலை செய்த அதே சென் டெனியில் எழுந்த மைதானத்தில், 1998 ஜூலை 12 ஆம் திகதி பிரேஸிலுக்கு எதிராக மகன் இரண்டு கோல்களை அடித்துப் பிரான்ஸுக்கு உலகக் கிண்ணத்தைப் பெற்றுக்கொடுத்தார். அன்றிரவு பாரிஸின் வெற்றி வளைவில் அவரது முகம் ஒளியால் தீட்டப்பட்டது. கறுப்பர், வெள்ளையர், அரபியர் ஒன்றுகூடிய புதிய பிரான்ஸ் பிறந்துவிட்டதெனப் பலரும் பூரித்தனர்.

எட்டு ஆண்டுகளின் பின் அவர் தலையால் மோதியபோது தீர்ப்புகள் இரண்டாகப் பிளந்தன. விளையாட்டு நாளேடான 'லெக்கிப்' மறுநாள் அவரைக் கடுமையாகக் கண்டித்து, இதனைச் சிறுவர்களுக்கு எவ்வாறு விளக்குவது எனக் கேட்டது. இத்தனை புகழும் செல்வமும் வந்த பின்னரும் சேரியின் முரட்டுத்தனம் அவரை விட்டு அகலவில்லை என்ற தொனி பலரது பேச்சில் ஒலித்தது. அதேவேளை ஜனாதிபதி ஜாக் சிராக், நாடு திரும்பிய அணியைத் தமது மாளிகையில் வரவேற்று, ஸிடானை இதயமும் பற்றுறுதியும் கொண்ட மனிதர் எனப் புகழ்ந்தார். ஸிடான் தொலைக்காட்சியில் தோன்றி, தமது தாயையும் சகோதரியையும் பற்றி மீண்டும் மீண்டும் கூறப்பட்ட இழிசொற்களைப் பொறுக்க முடியவில்லை என்றார். பார்த்திருந்த சிறுவர்களிடம் மன்னிப்புக் கோரிய அவர், செய்ததற்காக வருந்த முடியாது என்றும், வருந்துவது அச்சொற்களைச் சரியென ஏற்பதாகிவிடும் என்றும் தெரிவித்தார்.

புறநகர்க் குடியிருப்புகளில் அந்த விளக்கத்துக்கு உரை தேவைப்படவில்லை. வேலையும் சொத்தும் செல்வாக்கும் அற்றவனிடம் எஞ்சியிருக்கும் ஒரே உடைமை குடும்பத்தின் மானம். அதனைப் பறிப்பவனுக்கு எதிராக அவனுக்கு வழக்கறிஞரும் இல்லை, பத்திரிகையும் இல்லை. தாயைப் பழித்தவனை அடிப்பது அங்கே எழுதப்படாத சட்டம். உலகமே பார்த்திருக்க, கிண்ணத்தை இழக்க நேர்ந்தாலும் அச்சட்டத்தை மீறாதவராகவே ஸிடான் அவர்களது கண்களுக்குத் தெரிந்தார்.

அந்த உணர்வின் ஆழத்தை அறிய, அதற்கு முந்திய எட்டு மாதங்களைத் திரும்பிப் பார்க்கவேண்டும். 2005 ஒக்டோபர் 27 ஆம் திகதி பாரிஸின் புறநகரான கிளிஷி சு புவாவில், பொலிஸாரிடமிருந்து தப்பியோடி மின்மாற்றி நிலையமொன்றினுள் ஒளிந்த இரு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி உயிரிழந்தனர். அதனைத் தொடர்ந்து மூன்று வாரங்கள் நாடெங்கும் புறநகர்கள் பற்றியெரிந்தன. ஏறத்தாழ 9,000 வாகனங்கள் தீக்கிரையாகின. ஏறத்தாழ 2,900 பேர் கைதாகினர். அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. உள்துறை அமைச்சராயிருந்த நிக்கொலஸ் சார்கோஸி, சிறுவர்களின் மரணத்துக்கு இரு தினங்கள் முன்னதாகவே அப்பகுதிகளின் இளைஞர்களைக் 'கழிசடைகள்' எனப் பொருள்படும் சொல்லால் வர்ணித்திருந்தார். அவ்வாறு ஏசப்பட்டவர்கள், எட்டு மாதங்களின் பின் தம்மில் ஒருவர் ஏச்சைப் பொறுக்காது தலை நிமிர்ந்ததாகவே பேர்லின் காட்சியைக் கண்டனர்.

மார்சேயுடன் தொடர்புடைய இரண்டாமவரைப் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். அவர் கஸ்டன் டெஃபேர். சட்டத்தரணி, பத்திரிகை அதிபர், மார்சேயின் மாநகர முதல்வராகப் பல தசாப்தங்கள் ஆட்சி புரிந்த சோஷலிஸ்ட் தலைவர். ஸிடான் பிறந்தபோதும் நகர முதல்வர் அவரே. 1967 ஏப்ரலில் பிரெஞ்சுப் பாராளுமன்றத்தில் றெனே றிபியேர் என்ற உறுப்பினரைப் பார்த்து வாயை மூடுமாறும், மூடன் என்றும் டெஃபேர் ஏசினார். மன்னிப்புக் கோர மறுக்கவே றிபியேர் அவரை வாட்போருக்கு அழைத்தார். பாரிஸை அண்டிய செல்வந்தப் பகுதியான நெய்யியில், ஒரு மாளிகையின் தோட்டத்தில் இருவரும் வெள்ளைச் சட்டையுடன் வாளேந்தினர். றிபியேர் இரு தடவைகள் காயமடைந்த பின் நடுவராயிருந்தவர் சண்டையை நிறுத்தினார். பிரான்ஸின் கடைசி வாட்போர் என அது வரலாற்றில் பதிவாகியுள்ளது.

ஏசியவரே வென்றார், ஏசப்பட்டவர் காயமடைந்தார். அந்த வன்செயல் டெஃபேரின் அரசியல் வாழ்வைச் சிறிதும் பாதிக்கவில்லை. 1969 இல் அவர் ஜனாதிபதி வேட்பாளரானார். 1981 இல் நாட்டின் பொலிஸுக்குப் பொறுப்பான உள்துறை அமைச்சரானார். அந்தச் சண்டை இன்றும் சுவையானதொரு பழங்கதையாகவே சொல்லப்படுகின்றது. அவமதிப்புக்கு இரும்பால் பதிலளித்த அதனைக் 'கனவான்களின் மானம்' என்றும், அவமதிப்புக்குத் தலையால் பதிலளித்ததைச் 'சேரியின் முரட்டுத்தனம்' என்றும் அழைப்பதற்கு வர்க்கத்தைத் தவிர வேறு காரணத்தை நாம் காணவில்லை.

இதன் வேர் மிகப் பழையது. 1726 இல், நோட்டரி ஒருவரின் மகனும் அப்போதே பாரிஸில் புகழ்பெற்ற கவிஞருமான வோல்டயர், றொஹான் குடும்பத்துப் பிரபு ஒருவருடன் வாக்குவாதப்பட்டார். பிரபு வாளை உருவவில்லை. தனது வேலையாட்களை ஏவி வீதியில் வைத்து அவரை அடிப்பித்தார். வோல்டயர் பிரபுவை வாட்போருக்கு அழைக்க முற்பட்டபோது அவருக்குக் கிடைத்தது பாஸ்டில் சிறைவாசமும் பின்னர் இங்கிலாந்துப் பயணமுமேயாகும். வாள் சமமானவர்களுக்கு, தடி கீழானவர்களுக்கு என்பதே அன்றைய நியதி. மானம் என்பது மனிதர் யாவருக்கும் உரியதாக இருக்கவில்லை. அது பட்டத்துடன் சேர்ந்துவரும் சொத்தாக இருந்தது.

ஜேர்மனியில் பிறந்த சமூகவியலாளர் நோர்பேர்ட் இலியாஸ் 1939 இல் வெளியிட்ட தமது ஆய்வில் இப்போக்கை விளக்கியுள்ளார். வாளேந்திய போர்வீரர்கள் அரசவைக் கனவான்களாக மாறியபோது கோபத்தை அடக்குவது உயர்குடியின் அடையாளமாயிற்று. வன்முறையைப் பிரயோகிக்கும் உரிமை அரசின் கைக்கு மாறியது. அப்பழக்கம் காலப்போக்கில் நடுத்தர வர்க்கத்துக்கும் பரவியது. கையை உயர்த்தாமலே தமது காரியத்தை முடித்துக்கொள்ளும் வசதி பெற்றவர்கள், அந்த வசதியைத் தமது பண்பாடு எனக் கருதத் தலைப்பட்டனர். ஒரு கையொப்பத்தால் நூறு பேரின் தொழிலைப் பறிப்பவர் அமைதியானவர் எனவும், ஆத்திரத்தில் கைநீட்டுபவர் காட்டுமிராண்டி எனவும் கணிக்கப்படுவது இவ்வாறுதான்.

மூன்றாமவர் எரிக் கன்டோனா. 1966 இல் மார்சேயில் பிறந்தவர். தந்தை மனநல மருத்துவமனைத் தாதி, தாய் தையற்காரி. 1995 ஜனவரி 25 ஆம் திகதி லண்டனில் மன்செஸ்டர் யுனைட்டெட் அணிக்காக ஆடிச் சிவப்பு அட்டை பெற்று வெளியேறுகையில், தம்மை ஏசிய இரசிகர் ஒருவரைப் பாய்ந்து உதைத்தார். இங்கு அடிபட்டவர் சக வீரர் அல்லர். அரங்கில் நின்ற சாதாரண இளைஞர். நீதிவான் நீதிமன்றம் இரண்டு வாரச் சிறைத்தண்டனை விதித்தது. ஒரு வாரத்தின் பின் மேன்முறையீட்டில் அது 120 மணித்தியாலச் சமூக சேவையாகக் குறைக்கப்பட்டது. சிறுவர்களுக்கு உதைபந்தாட்டம் பயிற்றுவித்து அதனை அவர் நிறைவேற்றினார். எட்டு மாதத் தடையின் பின் மைதானத்துக்குத் திரும்பிய அவரை ஆதரவாளர்கள் அரசனைப் போல் வரவேற்றனர். அந்த இளைஞர் பேசிய இழிசொற்களை நாம் நியாயப்படுத்தவில்லை. எனினும் அதே அரங்கில் ஓர் இரசிகர் இன்னொரு இரசிகரை உதைத்திருந்தால், தண்டனை முடிந்து வெளிவரும்போது அவருக்கு அவ்வாறான வரவேற்பு காத்திருந்திருக்காது.

அண்மைக்கால உதாரணமாக 2022 மார்ச் 27 ஆம் திகதி ஹொலிவூட்டில் நடைபெற்ற ஒஸ்கார் விழாவைக் குறிப்பிடலாம். நோயினால் முடியை இழந்த தம் மனைவியைக் கேலிசெய்த நகைச்சுவையாளர் கிறிஸ் ரொக்கின் கன்னத்தில் நடிகர் வில் ஸ்மித் மேடையேறி அறைந்தார். பின்னர் ஆசனத்துக்குத் திரும்பி அமர்ந்தார். ஒரு மணித்தியாலத்துக்குள் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார். சபை எழுந்து நின்று கரகோஷம் செய்தது. ரொக் முறைப்பாடு செய்ய விரும்பவில்லை. அதே மண்டபத்தில் உணவு பரிமாறும் ஊழியர் ஒருவர் விருந்தினர் ஒருவரை அறைந்திருந்தால் அவர் ஆசனத்தில் அமர்ந்திருக்க முடியுமா? ஊரெங்கும் கண்டனம் எழுந்த பின்னரே அக்கடமி விழித்துக்கொண்டது. ஸ்மித் தாமாகவே அதன் அங்கத்துவத்தைத் துறந்தார். பத்தாண்டு காலத்துக்கு அதன் நிகழ்வுகளில் கலந்துகொள்ளத் தடையும் விதிக்கப்பட்டது.

அச்சம்பவத்தில் கறுப்பின மக்களிடையே எழுந்த கருத்து வேறுபாடு கவனத்திற்குரியது. மனைவியைக் காத்த கணவனாக ஸ்மித்தைப் பார்த்தவர்கள் பலர். முன்னாள் கூடைப்பந்தாட்ட நட்சத்திரமான கரீம் அப்துல் ஜப்பார் இதனை மறுத்து எழுதினார். பெண்ணைத் தன்னைக் காத்துக்கொள்ள இயலாதவளாக அச்செயல் ஆக்கிவிட்டது என்றும், கறுப்பினத்தவர் உணர்ச்சியைக் கட்டுப்படுத்த முடியாதவர்கள் என்ற பழைய அவதூறுக்கு அது தீனிபோட்டது என்றும் அவர் வாதிட்டார். இவ்வாறு கவலைப்பட நேர்வதே ஒரு சமத்துவமின்மையின் அடையாளமாகும். மேல்நிலையில் உள்ளவரின் குற்றம் அவரோடு முடிந்துவிடுகின்றது. ஒடுக்கப்பட்டவரின் குற்றமோ அவரது முழுச் சமூகத்தின் கணக்கிலும் எழுதப்படுகின்றது.

இத்தனை விவாதங்களுக்கும் நடுவே மறக்கப்படுபவர் அடிபட்டவரே. 'பயங்கரவாதி' என ஸிடானை மற்றராஸி ஏசியதாக ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதியதை உலகெங்கும் முஸ்லிம்கள் உட்படப் பலர் நம்பினர். அது பொய்யென மற்றராஸி வழக்குத் தொடுக்கவே அப்பத்திரிகைகள் பின்னாளில் மன்னிப்புக் கோரி நட்டஈடு வழங்கின. சகோதரியைப் பற்றி இழிவாகப் பேசியதை அவரே ஒப்புக்கொண்டார். 15 வயதில் தாயை இழந்த தாம் எவரது தாயையும் பழிக்கமாட்டேன் என்றார். 1998 இல் ஸிடான் காலால் மிதித்துச் சிவப்பு அட்டை பெற்றபோது பாதிக்கப்பட்டவர் சவூதி அரேபிய வீரர் என்பதும், 2000 இல் ஜேர்மனிய வீரர் ஒருவரையும் அவர் தலையால் மோதியிருந்தார் என்பதும் இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

அடியை அழகுபடுத்துவோரும் உளர். பேர்லின் காட்சி பிரான்ஸில் துள்ளிசைப் பாடலாகி விற்பனையில் முதலிடம் பெற்றது. எழுத்தாளர்கள் அதில் துயரக் காவியம் கண்டனர். அல்ஜீரியாவில் பிறந்த கலைஞர் அடெல் அப்தெஸ்மெட் அதனை வெண்கலச் சிலையாக வடித்து 2012 இல் பாரிஸில் காட்சிக்கு வைத்தார். கட்டார் அதனை வாங்கி 2013 இல் டோஹா கடற்கரையோரம் நிறுவியது. உருவ வழிபாட்டை ஒத்தது, வன்முறையைப் போற்றுவது என ஆட்சேபங்கள் எழவே சில வாரங்களில் அது அகற்றப்பட்டது. பாரிஸின் கலாரசிகர்களுக்கு இலகுவாகக் கலையாகத் தோன்றிய அந்த அடி, பிள்ளைகளுடன் கடற்கரைக்கு வந்த பெற்றோர் பலருக்கு அடியாகவே தோன்றியது.

ஸிடானுக்குக் கிடைத்த மன்னிப்பு அவர் பிறந்த குடியிருப்புகளுக்குக் கிடைக்கவில்லை என்பதே இவ்வரலாற்றின் கசப்பான பகுதி. 2023 ஜூனில் நன்டேயரில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டில் பலியானபோது புறநகர்கள் மீண்டும் கொந்தளித்தன. இரு பொலிஸ் தொழிற்சங்கங்கள் வெளியிட்ட கூட்டறிக்கை அவர்களைக் 'காட்டுமிராண்டிக் கும்பல்கள்' என்றது. சொல் மாறியதே அன்றிப் பார்வை மாறவில்லை. தம் நாயகனின் அடியில் தமது வெற்றியைக் கண்டவர்கள், அவனுக்குக் கிடைத்த மன்னிப்பு அவனது புகழுக்கானது என்பதை உணர்ந்திருக்க வேண்டும்.

வன்முறையை எவர் புரிந்தாலும் அது தவறே. ஆனால் அத்தவறை அளக்கும் கோல் ஒன்றாக இருக்கவேண்டும். கனவானின் வாளுக்கு ஒன்று, நட்சத்திரத்தின் கைக்கு ஒன்று, சேரி இளைஞனின் கைக்கு வேறொன்று என அளவுகோல்கள் இருக்கும்வரை, அடிப்பவரைத் திருத்தும் தார்மீக உரிமை எந்தச் சமூகத்துக்கும் இராது. அடுத்த முறை ஒரு பிரபலம் கைநீட்டிய செய்தி வரும்போது, நாம் கோபப்படுவதற்கோ கைதட்டுவதற்கோ முன்னர் ஒரு கேள்வியை எழுப்பிப் பார்ப்பது நன்று. இதே செயலை நமது தெருவில் கூலிவேலை செய்யும் ஒருவர் புரிந்திருந்தால் நாம் என்ன சொல்லியிருப்போம்? இரண்டு விடைகளும் ஒன்றாக இருந்தால் மட்டுமே நமது தீர்ப்பை நீதி என அழைக்கலாம்.