கையில் அழுத்தம் அதிகம், காலில் குறைவு!

கையில் பார்த்தால் ரத்த அழுத்தம் மிக அதிகம். காலில் பார்த்தால் குறைவு. ஒரே உடம்பில் இப்படியும் நடக்குமா? நடக்கும். பிறவியிலேயே பெருந்தமனி குறுகியிருப்பவர்களின் நிலை இதுதான்.

இதயத்தில் இருந்து சுத்த ரத்தத்தை உடல் முழுவதற்கும் கொண்டு செல்லும் தலைமைக் குழாய் பெருந்தமனி. இது மேலே எழும்பி, குடைக் கைப்பிடி போல வளைந்து, வயிற்றை நோக்கி இறங்குகிறது. தலைக்கும் கைகளுக்கும் போகும் கிளைகள் வளைவிலேயே பிரிந்துவிடும். அதற்குச் சற்றுக் கீழே குழாய் சுருங்கியிருப்பதே இந்தக் கோளாறு.

சந்துக்குள் போகும் தண்ணீர்க் குழாய் நடுவில் நசுங்கிவிட்டால் என்ன ஆகும்? முன்வீடுகளில் தண்ணீர் பீறிடும். கடைசி வீட்டில் சொட்டும். உடம்பிலும் அப்படியே. சுமார் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு இந்தக் குறை இருக்கிறது. ஆண் குழந்தைகளிடம் சற்று அதிகம்.

முதல் நாளில் தெரியாது

கருவில் இருக்கும்போது நுரையீரல் தமனிக்கும் பெருந்தமனிக்கும் இடையே ஓர் இணைப்புக் குழாய் உண்டு. பிறந்த சில நாட்களில் அது தானாக மூடிக்கொள்ளும். அதுவரை, கடுமையான குறுகல் உள்ள குழந்தைகூட நன்றாகவே தோன்றலாம். மூடியபின் பால் குடிக்காது, மூச்சு வாங்கும், வியர்க்கும், உடல் வெளிறும். அப்போது ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். இணைப்பை மீண்டும் திறக்க ஊசி மருந்து உண்டு.

மும்பைத் தமிழர் வீடுகளில் பிரசவத்துக்குப் பெண்ணை ஊருக்கு அனுப்புவது வழக்கம். பிரசவம் பார்த்த டாக்டர் நெல்லையில். பிறகு பார்க்கும் டாக்டர் தாராவியில். எனவே ஊர் ஆஸ்பத்திரிச் சீட்டுகளைப் பத்திரமாகக் கொண்டுவர வேண்டும். இங்கே டாக்டரிடம் காட்டும்போது, குழந்தையின் தொடை இடுக்கில் நாடி பார்க்கும்படி கேட்கலாம். கையில் துடிக்கும் நாடி அங்கே மங்கியிருந்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும்.

வாலிபருக்கு ரத்தக் கொதிப்பா?

குறுகல் லேசாக இருந்தால் பல ஆண்டுகள் தெரியாமலே போகும். தலைவலி, மூக்கில் ரத்தம் வடிதல், ஓடினால் கால் வலி, பாதம் சில்லிடுதல் ஆகியவை அறிகுறிகள். சிலருக்கு இவை எதுவும் இராது.

இருபது வயதுப் பையனுக்கு ரத்தக் கொதிப்பு என்றால், வேலைக் கவலை என்று விட்டுவிடக் கூடாது. காலிலும் அழுத்தம் பார்க்க வேண்டும். கையைவிடக் கால் அழுத்தம் குறையாமல் இருப்பதே இயல்பு. 20 புள்ளிகளுக்கு மேல் குறைந்தால் சந்தேகிக்க வேண்டும். எக்கோ, சி.டி. ஸ்கேன் ஆகியவை உண்மையைச் சொல்லிவிடும். சிகிச்சை பெறாதவர்களின் ஆயுள் சராசரியாக 35 வயதை ஒட்டியே முடிந்ததாகப் பழைய ஆய்வுகள் காட்டின. இதயம் களைத்துப்போவதும், மூளையில் ரத்தக் கசிவும் முக்கியக் காரணங்கள்.

வழி உண்டு

1944-ல் சுவீடன் நாட்டு டாக்டர் கிளாரன்ஸ் கிராஃபோர்டு, 12 வயதுச் சிறுவனுக்குக் குறுகிய பகுதியை வெட்டியெடுத்து, இரு முனைகளையும் தைத்து இணைத்தார். 1980-களில் பலூன் மூலம் விரிக்கும் முறை வந்தது. இன்று ஸ்டென்ட்டும் வைக்கிறார்கள். ஆனால் ஆபரேஷனோடு கதை முடிவதில்லை. குறுகல் திரும்ப வரலாம், கொதிப்பும் நீடிக்கலாம். ஆயுள் முழுவதும் பரிசோதனை தேவை.

தாராவியை ஒட்டியே சயான் மாநகராட்சி ஆஸ்பத்திரி இருக்கிறது. பரேலில் கே.இ.எம்., வாடியா குழந்தைகள் ஆஸ்பத்திரி ஆகியவை மாதுங்கா, செம்பூர் மக்களுக்கும் தொலைவில்லை. பிறவி இதயக் கோளாறுகளைக் கண்டறிய, 2013-ல் தொடங்கிய மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் 18 வயது வரை இலவசப் பரிசோதனை உண்டு. மராட்டிய அரசின் மகாத்மா ஜோதிபா புலே திட்டத்திலும் இதய ஆபரேஷனுக்கு இடமிருக்கிறது. ரேஷன் கார்டை மறக்காமல் எடுத்துச் செல்ல வேண்டும்.

தொடை இடுக்கில் நாடி பார்க்க இரண்டு விரல்களும் ஒரு நிமிடமும் போதும். அதைக் கேட்டுப் பெறப் பெற்றோர் தயங்கக் கூடாது.