எமது நீலோற்பலம் எது?

ஆவணி மாதத்துக் கச்சான் காற்றில் உன்னிச்சைப் பகுதியின் நிலமெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்கும். அவ்வேளையிலும் நீர் வற்றாத பள்ளங்களில் வெளிர்நீல மலர்கள் தலைநிமிர்ந்து நிற்கும். இவையே நீலோற்பலம், நீல அல்லி என்றும் சொல்வர். காலையில் விரிந்து பிற்பகலில் குவியும் மலர் இது. பள்ளம் வற்றினாலும் செடி அழிவதில்லை. சேற்றினுள் கிழங்கு உறங்கிக் கிடந்து, மாரி மழைக்கு மீண்டும் துளிர்க்கும்.

1986ஆம் ஆண்டு நீலோற்பலம் இலங்கையின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டது. ஆயினும் அதை நம்மில் எத்தனைபேர் சரியாக இனங்காண்போம்?

இன்று பூக்கடைகளிலும் வீட்டுத் தடாகங்களிலும் பெரும்பாலும் காணப்படுவது கடும் ஊதா நிற அல்லி. தேசிய மலர் என்று அச்சிடப்பட்ட படங்கள் பலவற்றிலும் இதுவே இடம்பெற்றது. ஆனால் இது எமது மண்ணுக்குரியதன்று. அந்நிய இனங்களின் கலப்பால் உண்டானது. பேராதனைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2017இல் இதற்கு ‘நிம்பேயா எரங்கே’ எனத் தனிப்பெயர் இட்டனர். அழகுக்காக வளர்க்கப்பட்ட இச்செடி குளங்களில் பரவி, உள்ளூர் இனத்தின் இடத்தைப் பிடித்து வருகின்றது.

இனங்காண்பது எப்படி?

எமது நீலோற்பலம் வெளிர்நீலமானது, இதழ்கள் குறைவு. அந்நியச் செடியின் பூ கடும் ஊதா, இதழ்கள் அடர்ந்திருக்கும்.

வீட்டில் வளர்க்க

வாயகன்ற சீமெந்துத் தொட்டி போதும். அடியில் வயற்சேற்றை இட்டு, கிழங்கை ஊன்றி, மேலே சிறு கற்களைப் பரப்பி, மெதுவாக நீர் நிரப்புங்கள். கூட்டெரு இட்டால் அது மிதந்து நீரைப் பழுதாக்கும். நல்ல வெயில் படவேண்டும், நிழலில் பூக்காது. நுளம்பு பெருகாதிருக்கச் சில சிறு மீன்களை விடுவது அவசியம்.

கிழங்கு எடுக்கும்போது கமக்காரர் அமைப்பினரிடம் கேட்டு, செறிந்து வளர்ந்த இடத்தில் ஒன்றை மட்டும் எடுங்கள். தொட்டியில் மிஞ்சும் ஊதா அல்லியை ஒருபோதும் குளத்திலோ வாய்க்காலிலோ வீசாதீர்கள், காயவைத்து எரித்துவிடுங்கள்.

உன்னிச்சைக் குளம் வயலுக்கு நீர் தருகிறது. மட்டக்களப்பு மக்களின் குடிநீருக்கும் உதவுகிறது. அதில் எது வளர்கிறது என்று பார்த்திருப்பது எம் எல்லோருடைய கடமை. அடுத்தமுறை குளக்கட்டில் நடக்கும்போது, பிள்ளைகளுக்கு அந்த வெளிர்நீல மலரைக் காட்டிக் கொடுப்போம். பெயர் தெரிந்த பூவை அவர்கள் இலகுவில் அழியவிடமாட்டார்கள்.