வேலைநீக்கமும் சட்டம் தரும் பரிகாரமும்

பினாங்குத் தீவில், குன்றுகளுக்கு அப்பால் அமைந்த ஊர் பாலிக் புலாவ். டுரியானுக்கும் ஜாதிக்காய்க்கும் பெயர்பெற்ற இவ்வூரே தென்மேற்கு வட்டாரத்தின் தலைமையிடம். இதே வட்டாரத்தைச் சேர்ந்த பாயான் லெப்பாசில் 1972-ஆம் ஆண்டு தொழிற்பேட்டை தோன்றியபின், தோப்பு வேலையோடு ஆலை வேலையும் இங்குப் பிழைப்பாயிற்று. தோப்பாயினும் ஆலையாயினும், "நாளை முதல் வரவேண்டா" என்றொரு கடிதம் வந்தால் தொழிலாளி என்செய்வான்? இதற்கு நம் நாட்டுச் சட்டம் கூறும் விடையை ஈண்டுக் காண்போம்.

ஆங்கிலேயரின் பொதுச் சட்டப்படி வேலை என்பது ஓர் ஒப்பந்தம். முன்னறிவிப்புக் காலத்துச் சம்பளத்தைக் கொடுத்துவிட்டால் முதலாளியின் கடன் தீர்ந்தது. இருபதாண்டு உழைத்தவனும் அதற்குமேல் கேட்க இயலாது. 1967-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. தக்க காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி, பழைய வேலையிலேயே தன்னை மீண்டும் அமர்த்துமாறு கோரலாம் என்கிறது அதன் 20-ஆம் பிரிவு.

அப்படியாயின், முன்னறிவிப்புக் கொடுத்து நீக்கினால் குற்றமில்லையா? ஜே அண்ட் பி கோட்ஸ் கம்பெனிக்கு எதிராகக் கூன் குவீ போய் தொடுத்த வழக்கில், 1981-இல் கூட்டரசு நீதிமன்றம் இதற்கு விடை கூறிற்று. முன்னறிவிப்போடு நீக்கினும், குற்றஞ்சாட்டி நீக்கினும், இரண்டும் நீக்கமே என்று ராஜா அஸ்லான் ஷா தீர்ப்பளித்தார். முதலாளி காட்டிய காரணம் மெய்தானா என்பதே வினா. அதனை மெய்ப்பிக்கும் பொறுப்பு முதலாளியுடையது. அவர் காட்டாத வேறொரு காரணத்தை நீதிமன்றம் தேடித் தருதல் கூடாது.

கோரிக்கை எழுத்து வடிவில் தொழில் உறவு இலாகாவுக்குச் செல்லவேண்டும். அங்கு முதலில் இணக்கப் பேச்சு நடைபெறும். இணக்கம் ஏற்படாவிடில் வழக்குத் தொழில் நீதிமன்றத்துக்குச் செல்லும். முன்பு அமைச்சரின் விருப்பத்தைப் பொறுத்திருந்த இம்முடிவு, 2021 முதல் இலாகாவின் தலைமை இயக்குநரிடம் உள்ளது.

வென்றவன் பெறுவது யாது? சட்டத்தின் முதல் நோக்கம் மீண்டும் வேலையில் அமர்த்துவதே. ஆயினும் ஆண்டுகள் கழிந்து, உறவும் கசந்தபின் அது கைகூடுவது அரிது. அதற்கு ஈடாக, பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு மாதச் சம்பளம் தருவது வழக்கமாகிவிட்டது. இதனுடன் இழந்த சம்பளமும் உண்டு. அதற்கு எல்லை 24 மாதம். தகுதிகாண் பருவத்தில் இருந்தவர்க்கு 12 மாதமே. இடையில் வேறு வேலையில் ஈட்டிய வருமானமும், தொழிலாளியின் பங்கிலுள்ள தவறும் கணக்கில் கழிக்கப்படும்.

இவ்வளவு உரிமையும் ஒரு நாள்கணக்கில் தொங்குகிறது. நீக்கப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் கோரிக்கை சேரவேண்டும். 61-ஆம் நாள் வந்தவனுக்கு, அவன் பக்கம் எத்துணை நியாயம் இருப்பினும், இவ்வழி அடைபட்டுவிடும். மேலாளரின் மனம் மாறும் என்று காத்திருந்தே வழக்கை இழப்பது எளிது.

அரசாங்க ஊழியரான ஆசிரியர்க்கு இப்பிரிவு பொருந்தாது. அவர்க்குக் காவல், விளக்கம் கூற வாய்ப்பளிக்காமல் நீக்கலாகாது எனும் அரசியலமைப்பின் 135-ஆம் விதி. ஆயினும், மாணவனின் தந்தையோ தாயோ ஒரு கடிதத்தோடு ஆசிரியரை நாடி வரக்கூடும். அப்பொழுது கடிதத்தின் காரணத்தைப் படிக்குமுன் அதன் தேதியைப் படித்தல் நன்று.