தேனீயின் சினமும் மாந்தரின் விரைவும்

தேனை வெறுப்பார் உலகில் அரியர். தேனீயின் கொடுக்கை விரும்புவாரோ எவரும் இலர். தேன் வேண்டும், கொட்டு வேண்டா என்பது மாந்தரின் நெடுநாள் வேட்கை. அவ்வேட்கை நிறைவேறும் முறையையும், அதற்கு விரைவுவழி தேடியபோது விளைந்த இடரையும் ஈண்டுக் காண்போம்.

ஒரு கூட்டின் குணம், அதன் தாயாகிய இராணியிடமிருந்தும் அது கூடிய ஆண் தேனீக்களிடமிருந்தும் வரும் மரபுக்கூறுகளைப் பெரிதும் சார்ந்தது. ஆதலின் வளர்ப்போர் அமைதியான கூடுகளிலிருந்து புதிய இராணிகளை வளர்த்தெடுப்பர். சினமிக்க கூட்டின் இராணியை அகற்றி, நல்லியல்புடைய வேறோர் இராணியை இடுவர். பணித்தேனீக்கள் கோடையில் சில வாரங்களே வாழ்வன. எனவே இரண்டொரு திங்களில் கூட்டின் இயல்பே மாறிவிடும்.

ஆயின் ஓர் இடர்ப்பாடு உண்டு. இராணி வானில் பறந்தபடியே பத்துக்கும் மேற்பட்ட ஆண்களோடு கூடுகிறது. கால்நடைகளைப் போல அதனை வேலியிட்டுக் காத்தல் இயலாது. கருவி கொண்டு விந்தேற்றுதலும், தனித்த தீவுகளில் கூடவிடுதலும் இதுபற்றியே தோன்றின.

ஐரோப்பியத் தேனீக்கள் பிரேசில் நாட்டின் வெப்பத்திற்கு நன்கு இயைந்தில. எனவே வார்விக் கெர் என்னும் மரபியல் அறிஞர் 1956ஆம் ஆண்டு ஆப்பிரிக்க இராணிகளைக் கொணர்ந்தார். ஆப்பிரிக்கத் தேனீயின் உழைப்பையும் ஐரோப்பியத் தேனீயின் சாந்தத்தையும் ஒருங்கிணைப்பதே அவர்தம் நோக்கம். இராணி வெளியேறாவண்ணம் கூட்டு வாயில்களில் தடுப்புகள் இடப்பட்டிருந்தன. 1957இல் ரியோ கிளாரோ நகரருகே அத்தடுப்புகள் அகற்றப்பட, 26 கூட்டங்கள் இராணியோடு பறந்து சென்றன.

அவை பெருகிய விரைவு வியப்பிற்குரியது. ஆப்பிரிக்க வழி இராணி, ஐரோப்பிய இராணிக்கு முன்னரே அறையினின்று வெளிவருவது. முதலில் வருவதே ஏனைய இராணிகளைக் கொல்லும். ஆண்டுக்குச் சில நூறு கிலோமீட்டர் பரவி, 1990இல் அவை அமெரிக்காவின் டெக்சாசை எய்தின. இடைப்பட்ட நாடுகளில் மக்கள் பலரும் கால்நடைகளும் மாண்டனர்.

இத்தேனீயின் நஞ்சு ஏனையவற்றினும் கொடியது என்பர் சிலர், அது பிழை. நஞ்சு ஏறத்தாழ ஒன்றே. கொட்டுவோரின் தொகையே வேறு. ஒரு தேனீ கொட்டியதும் வாழைப்பழ மணம் போன்றதோர் எச்சரிக்கை மணம் எழும். அதற்கு ஐரோப்பியக் கூட்டில் சிலவே எழுமாயின், இக்கூட்டில் நூற்றுக்கணக்கானவை எழுந்து நெடுந்தொலைவு துரத்தும்.

எனினும் இவற்றைத் தீமையென்றே ஒதுக்குதல் நேரிதன்று. கூடுகளை வீடுகளுக்கு அப்பால் வைத்தும், சாந்தமானவற்றைத் தேர்ந்தும் பிரேசில் வளர்ப்போர் அவற்றாலேயே தேன்வளம் கண்டனர். 1994இல் போர்ட்டோ ரிக்கோ தீவை அடைந்தவையும் காலப்போக்கில் சினம் தணிந்தன. உண்ணியைத் தாங்கும் ஆற்றலும் இவ்வினத்திற்கு மிகுதி. அவ்வாற்றலை நாடி வேற்றுநிலத்து இராணியையோ விந்தையோ தருவிக்கும் ஆசை இன்றும் எழக்கூடும்.

ஆண்டுதோறும் பொறுமையாகத் தேர்ந்தெடுத்துப் பெறும் சாந்தத்தை, காவலின்றிப் புகுந்த மரபு ஒரு பறப்பில் கலைத்துவிடும். தவறான இராணியைக் கூட்டினின்று அகற்றலாம். வானில் கலந்துவிட்ட மரபை மீட்டல் யார்க்கும் அரிது. தருவிக்குமுன் ஆராய்க, தருவித்தபின் காக்க என்பதே நாம் கொள்ளத்தக்க பாடமாகும்.