அம்பாசடரின் கார்புரேட்டரைக் கழற்றுமுன்...

வாப்பா ஓட்டிய அம்பாசடர் இன்னும் உங்கள் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறதா? சோக்கை இழுத்து மூன்று முறை முயன்றால்தான் உயிர் பெறுகிறதா? அப்படியாயின், கார்புரேட்டரை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இஞ்செக்ஷன் வைத்துவிடலாம் என்று யாரேனும் உங்களிடம் கூறியிருக்கக் கூடும். நடக்கக் கூடியதுதான். எனினும், அறிய வேண்டியவை சில உண்டு.

கார்புரேட்டரில் பாயும் காற்று குறுகிய கழுத்தைக் கடக்கையில் பெட்ரோலைத் தானே உறிஞ்சி இழுக்கிறது. இஞ்செக்ஷனிலோ, காற்றின் அழுத்தம், என்ஜினின் வெப்பம், புகையில் எஞ்சிய ஆக்ஸிஜன் ஆகியவற்றை அளந்து, பெட்ரோலைப் பீய்ச்சும் இஞ்செக்டர் எத்தனை மில்லி விநாடி திறக்க வேண்டும் என்று ஒரு சிறு கணினி தீர்மானிக்கிறது.

அம்பாசடரின் பழைய 1489 சி.சி. என்ஜினில் ஒரு சிக்கல் உண்டு. நான்கு சிலிண்டர்களுக்கும் காற்று நுழைய இரண்டே வாசல்கள். ஒரே வாசலைப் பகிரும் இரண்டும் அடுத்தடுத்து உறிஞ்சுவதால், ஒன்றின் பங்கை மற்றொன்று பறித்துக்கொள்ளும். ஆகவே சிலிண்டருக்கு ஓர் இஞ்செக்டர் என்னும் இன்றைய முறை இங்கே எளிதில் செல்லாது. இதே போன்ற வாசலமைப்புள்ள மினி காருக்கு இங்கிலாந்தில் முதலில் ஒற்றை இஞ்செக்டரும், 1996-ல் இரட்டை இஞ்செக்டரும் பொருத்தினார்கள். நமக்கும் கார்புரேட்டர் இருந்த இடத்திலேயே அமரும் ஒற்றை அமைப்பே உகந்தது. 1992-க்குப் பின் வந்த 1817 சி.சி. இசுசு என்ஜின்களின் கதை வேறு.

நீங்கள் அஞ்ச வேண்டியது கணினிக்கு அன்று, பெட்ரோல் குழாய்க்கே. கார்புரேட்டருக்குச் சதுர அங்குலத்திற்கு மூன்று பவுண்டு அளவிலான அழுத்தம் போதும். இன்று விற்கும் இஞ்செக்ஷன் கருவிகளில் பல, நாற்பது பவுண்டுக்கு மேல் கேட்கின்றன. பழைய ரப்பர் குழாயும் திருகுக் கவ்வியும் அதைத் தாங்கா. பெட்ரோலில் எத்தனால் கலந்து வரும் இக்காலத்தில் பழைய ரப்பர் மேலும் விரைவில் கெடும். சூடான புகைக்குழாயின் மேல் பெட்ரோல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பின் இருக்கையில் அமர்வது உங்கள் பிள்ளைகள். எனவே டாங்கி முதல் என்ஜின் வரை உயர் அழுத்தக் குழாய், மீதி பெட்ரோல் திரும்பும் தனிக் குழாய், விபத்தில் பம்பை நிறுத்தும் சுவிட்சு ஆகிய மூன்றிலும் சிக்கனம் கூடாது. டைனமோ உள்ள வண்டியாயின், ஆல்டர்னேட்டரும் மாற்ற வேண்டும்.

இத்தனை செலவுக்கு முன், வால்வு இடைவெளியையும் பிளக்கையும் டிஸ்டிரிபியூட்டரையும் ஒரு முறை சரிபார்க்கச் சொல்லுங்கள். பல வண்டிகளின் நோய் கார்புரேட்டரில் இல்லை. நிக்காஹ் ஊர்வலத்திற்கு மட்டும் வெளியே வரும் வண்டிக்கு இம்மாற்றம் வீண்விரயமே என்பது என் கருத்து. நாள்தோறும் ஓடுவதாயின் பயன் உண்டு.

பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டாரிடமும் முன்னரே கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று. வாப்பா மவுத்தாகி, பாகப்பிரிவினை முடியாதிருந்தால் அந்த வண்டி உங்களுக்கு மட்டும் உரியதன்று. உம்மாவிடமும் உடன்பிறந்தவர்களிடமும், குறிப்பாகச் சகோதரிகளிடமும், கேட்டபின் மெக்கானிக்கிடம் செல்லுங்கள். கழற்றிய கார்புரேட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாமல், பெட்ரோலை வடித்து, துணியில் சுற்றி, பரணில் வையுங்கள்.