காவிரிக்கரை இசைவிழா

தஞ்சை மாவட்டத்துத் திருவையாற்றில், காவிரிக்கரையில், ஆண்டுதோறும் தியாகராசர் ஆராதனை நடைபெறுகின்றது. 1767ஆம் ஆண்டில் திருவாரூரில் பிறந்த இசைமேதை தியாகராசர், 1847ஆம் ஆண்டில் இவ்வூரில் மறைந்தார். அவர் மறைந்த திதியாகிய புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமியே இவ்விழாவின் திருநாளாகும்.

அவருடைய சமாதி நாளடைவில் பேணுவாரின்றிச் சிதைவுற்றது. அதனைக் கேள்வியுற்ற பெங்களூர் நாகரத்தினம்மாள், தாம் பாடி ஈட்டிய பொருளைக்கொண்டு 1920களில் அங்கே கோயில் எழுப்பினார். ஆனால், அந்நாளில் விழா நடத்திய பெரிய கட்சியினரும் சின்ன கட்சியினரும் பெண்கள் பாடுவதற்கு இசையவில்லை. கோயில் கட்டிய கைகளுக்கு உரிமை உண்டு. பாடும் குரலுக்கு உரிமை இல்லை! அம்மையார் மனந்தளர்ந்தாரல்லர். பெண்களைத் திரட்டித் தனியே விழா எடுத்தார். 1940ஆம் ஆண்டில் பிரிவுகள் ஒன்றுபட்டுத் தியாகப்பிரம்ம மகோற்சவ சபை அமைந்தது. அதன்பின் பெண்களும் விழாவில் பாடலாயினர்.

இன்று ஆராதனை நாட்காலையில் ஆற்றங்கரைப் பந்தலில் மக்கள் நிறைந்திருப்பர். முதிர்ந்த வித்துவான்களும் இளம் மாணவரும், ஆடவரும் மகளிரும், வரிசை வரிசையாய்த் தரையில் அமர்வர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்னும் ஐந்து இராகங்களில் அமைந்த பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை எல்லாரும் ஒருங்கே பாடுவர். வயலினும் புல்லாங்குழலும் மிருதங்கமும் உடன் இசைக்கும். கீர்த்தனைகளை அறிந்தோர் இருந்த இடத்திலிருந்தே சேர்ந்து பாடுவர். பாடுவோர் இவர், கேட்போர் இவர் எனப் பிரித்தறிதல் அப்போது அரிது.

நாகரத்தினம்மாள் 1952ஆம் ஆண்டில் மறைந்தார். தியாகராசர் சமாதிக்கு அருகிலேயே அவருக்கும் நினைவிடம் உள்ளது. ஒரு காலத்தில் மறுக்கப்பட்ட பெண்குரல், ஆண்டுதோறும் அவ்விரு நினைவிடங்களையும் சூழ்ந்து ஒலிக்கின்றது.