இலியோஸ்ரொமியும் வெளியேற்றத்தின் ஏற்றத்தாழ்வும்: உடல், உப்பு, சமுதாயம்

கழிவு பற்றிப் பேசாதிருத்தலை நாகரிகத்தின் இலக்கணமாகக் கொள்ளும் மரபு நம்மிடையே வலுவாக உள்ளது. இம்மௌனத்தாற் பாதிக்கப்படுவோருள், பெருங்குடல் அகற்றப்பட்டு, சுருட்குடலின் நுனி வயிற்றுச் சுவரின் வழியே வெளிக்கொணரப்பட்டோரும் அடங்குவர். இலியோஸ்ரொமி எனப்படும் இவ்வழியால் வெளியேறுவது ஒரு பையிற் சேர்கிறது. அதன் அளவும் தன்மையும் நாளுக்கு நாள் மாறுகின்றன. அம்மாற்றங்களை விளங்கி நெறிப்படுத்துவது தனிமனிதரின் அந்தரங்க விடயம் எனவே பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் அவ்விளக்கம் எவ்வாறு பெறப்பட்டது, எத்தகைய நிலைமைகளில் அது பயன்படுகிறது என நோக்குமிடத்து, அது சமூக உழைப்பின் விளைவு என்பது புலனாகும். இதனைச் சுருக்கமாக விளக்குதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் உடலியல் அடிப்படையை நோக்குவோம். நலமுள்ள ஒருவரில் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை லீற்றர் திரவம் சிறுகுடலிலிருந்து பெருங்குடலைச் சென்றடைகிறது. அதன் பெரும்பகுதியையும் அதிலடங்கிய உப்பையும் பெருங்குடல் மீள உறிஞ்சிக்கொள்கிறது. பெருங்குடல் இல்லாதவிடத்து அவை உடலுக்கு இழப்பாகின்றன. சத்திரசிகிச்சையை அடுத்த நாட்களில் வெளியேற்றம் ஒரு லீற்றரைத் தாண்டுவதுண்டு. காலப்போக்கிற் சிறுகுடல் புதிய நிலைமைக்கு இசைவாகிறது. வெளியேற்றம் பெரும்பாலும் 500 முதல் 800 மில்லிலீற்றர் வரையில் நிலைபெற்றுக் கூழ்போலத் தடிக்கிறது. 1500 மில்லிலீற்றரைத் தாண்டி நீடிக்கும் வெளியேற்றம் ஆபத்தானது. ஒவ்வொரு லீற்றருடனும் இழக்கப்படும் சோடியத்தைச் சாதாரண உப்பாகக் கணித்தால் அது சுமார் 6 கிராம் ஆகும்.

இவ்வறிவு ஒருநாளிற் கிட்டியதன்று. 1950களின் தொடக்கம்வரை, வெளிக்கொணரப்பட்ட குடலின் புறப்படை அழற்சியுற்று வாய் குறுகுவதும், அதன் விளைவாகப் பெருந்தொகையான திரவம் வெளியேறி நோயாளர் தளர்வதும் இச்சிகிச்சையுடன் பிறந்த குறைகள் போலவே தோன்றின. 1952இல் பேர்மிங்காம் சத்திரசிகிச்சையாளரான பிரையன் புறூக், குடலின் நுனியைச் சட்டைக்கையை மடிப்பதுபோற் புறமாகத் திருப்பித் தோலுடன் தைக்கும் முறையை வெளியிட்டார். இயற்கையின் நியதியெனத் தோன்றியது செய்முறையின் விளைவே என்பது அதனால் தெளிவாயிற்று.

வைத்தியசாலைக்கு வெளியே வாழும் முறையை வகுத்தோர் பெரிதும் நோயாளரும் தாதியருமே. டென்மார்க்கில் எலிஸ் சோரன்சன் என்னும் தாதி, வயிற்றிற் குடல்வாய் அமைக்கப்பட்ட தம் சகோதரியின் இடர்கண்டு, 1954இல் தோலில் ஒட்டும் பையைக் கருதினார். பிரித்தானியாவில் 1956இல் இலியோஸ்ரொமி பெற்றோருக்கெனச் சங்கம் தோன்றியது. அமெரிக்காவின் கிளீவ்லாண்டில், தாமே இலியோஸ்ரொமி பெற்ற நோர்மா கில் 1958 முதல் வைத்தியர் ரூபேட் ரேண்புல்லுடன் இணைந்து ஏனையோருக்கு வழிகாட்டினார். அதிலிருந்து ஒரு தனிப் பராமரிப்புத் துறையே வளர்ந்தது.

நீர் பற்றிய அறிவு சிறப்பாகக் கவனிக்கத்தக்கது. வெளியேற்றம் மிகும்போது தாகம் மிகும். அப்போது வெறும் நீரை மிகுதியாகப் பருகத் தோன்றுவது இயல்பே. ஆனால் உப்பற்ற நீர் சிறுகுடலின் மேற்பகுதியை நிரப்பும்போது உடலின் சோடியம் குடலினுட் கசிகிறது. நீரும் உடன் வெளியேறுகிறது. வெளியேற்றம் மிகுந்தோர் பருகப்பருக நீரிழக்கும் இம்முரண்பாட்டிற்கான தீர்வு உப்பையும் குளுக்கோசையும் தக்க அளவிற் சேர்ப்பதிலுள்ளது. உறிஞ்சப்படும் குளுக்கோசு சோடியத்தையும் உடன்கொண்டு செல்கிறது என்னும் கருத்தை 1960இல் றொபேட் கிரேன் முன்வைத்தார். 1968இல் டாக்காவிற் கொலரா நோயாளரிடம் இத்தகைய கரைசலின் பயன் நிறுவப்பட்டது.

1971இல் வங்காளதேச விடுதலைப் போரின்போது, மேற்கு வங்கத்தின் எல்லையூரான போங்காவில் திரண்ட அகதிகளிடையே கொலரா பரவியது. நாளத்தினூடாக ஏற்றும் திரவம் போதாதபோது, திலீப் மகலனாபிஸ் தலைமையிலான குழுவினர், ஒரு லீற்றர் நீருக்கு 22 கிராம் குளுக்கோசு, 3.5 கிராம் உப்பு, 2.5 கிராம் சோடியம் இருகாபனேற்று எனக் கலந்து, உறவினரைக் கொண்டே நோயாளரைப் பருகச் செய்தனர். சுமார் 30 வீதமாயிருந்த இறப்பு 4 வீதத்துக்கும் கீழே இறங்கியது. இன்று மிகை வெளியேற்றத்திற்கென வழங்கப்படுவதும் இலண்டன் சென்ற் மாக்ஸ் வைத்தியசாலையின் பெயரால் அறியப்படுவதுமான கரைசலில், லீற்றருக்கு 20 கிராம் குளுக்கோசும் அதே அளவு உப்பும் இருகாபனேற்றும் உள்ளன. இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. அறிவு செல்வ நாடுகளிலிருந்தே வறிய நாடுகளுக்குச் செல்லும் என்போர் இவ்வொப்பீட்டை மனங்கொள்வது நன்று.

நடைமுறையில் வெளியேற்றம் உணவுடனும் மாறுகிறது. சோறு, வாழைப்பழம், அவித்த உருளைக்கிழங்கு, பாண் முதலியன அதனைத் தடிப்பிக்கும். பழச்சாறு, கோப்பி, மது, மிகுந்த காரம் ஆகியன நீர்ப்பிக்கலாம். ஆளுக்காள் இது வேறுபடுவதால், புதிய உணவு ஒவ்வொன்றையும் தனித்துச் சிறிதளவில் உண்டு குறித்துக்கொள்ளுதல் பயன்தரும். வெளியேற்றம் மிகுமாயின் வெறும் நீரைக் குறைத்துக் கரைசலைச் சிறிது சிறிதாகப் பருகவேண்டும். வைத்தியரின் ஆலோசனைப்படி லோப்பெரமைட்டு உணவுக்கு அரைமணி முன்னர் உட்கொள்ளப்படும். சிறுநீர் குறைந்து நிறம் கடுத்தல், தலைச்சுற்று, தசைப்பிடிப்பு என்பன நீரிழப்பின் அறிகுறிகள். அவை நீடிக்குமாயின் வைத்தியசாலையை நாடவேண்டும். மறுதலையாக, வெளியேற்றம் நின்று வயிறு உப்பி வலிக்குமாயின் அடைப்பென ஐயுறவேண்டும். நன்கு மெல்லப்படாத தேங்காய், சோளம், கச்சான், காளான் போன்றவை இதற்குக் காரணமாகலாம். வாந்தியும் சேருமாயின் தாமதம் உயிருக்கு ஊறாகும்.

இவை எளிய விதிகளே. ஆயின் அவற்றைக் கைக்கொள்ளும் வாய்ப்பு வர்க்க சமுதாயத்திற் சமமாகப் பகிரப்படவில்லை. நாளொன்றுக்கு ஐந்தாறு தடவை பையை வெறுமையாக்க வேண்டியவர், மலகூடஞ் செல்லும் நிமிடங்களை மேற்பார்வையாளர் எண்ணும் தொழிற்சாலையில் என் செய்வார்? உண்ணாமலும் பருகாமலும் இருந்து வெளியேற்றத்தைக் குறைக்க முற்படுவார். வெளியேற்றம் குறையலாம், நீரும் உப்பும் ஈடுசெய்யப்படா. வெயிலில் உழைப்பவர் வியர்வையாலும் அவற்றை இழக்கிறார். பையின் விலையைத் தாங்கமுடியாதவர் ஒன்றையே நெடுநாள் பாவிக்க, தோல் புண்ணாகிறது. இத்தகையோருக்கு ஒழுங்காக உண்டு அமைதியாயிருக்குமாறு மட்டும் அறிவுறுத்துதல் கருத்துமுதல்வாத ஆறுதலேயாகும்.

அளவுக் கிண்ணமும் குறிப்பேடும் நோயாளரின் கையில் இருத்தல் அவசியம். இடைவேளை, தூய மலகூடம், தட்டுப்பாடின்றிக் கிடைக்கும் பை என்பனவோ எவரும் தனித்துப் பெறக்கூடியனவல்ல. தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியல்களில் இவை இடம்பெறவேண்டும். அதற்கு முதற்படி, இதுகாறும் பேசாப்பொருளாயிருந்ததைக் கூச்சமின்றிப் பேசத் தொடங்குவதேயாகும்.